பின்பனியில் வன்னிப் பெருவழி

பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரிய பருவமாக வகுத்தவர் தொல்காப்பியர். கொதிக்கும் மணலே பாலை என்று எண்ணியிருப்போர்க்கு இது வியப்பைத் தரலாம். ஆனால் தமிழர் கண்ட பாலை அராபிய நாட்டு மணல்வெளியன்று. தன் இயல்பு கெட்ட நிலமே பாலை என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு, மாசித் திங்களில் வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர்க்கு வன்னி நாட்டின் வரலாறு பெரிதும் தானே விளங்கும்.

ஓமந்தையைக் கடந்ததும் இருமருங்கும் காடு. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் அடர்ந்த காடு. பாலை என்ற மரத்தின் பெயர் இங்கே எவர்க்கும் தெரியும். கோடையில் அதன் பொன்னிறப் பழத்தை வீதியோரத்தில் வைத்து விற்பார்கள். காட்டின் நடுவே வரும் ஊர்களின் பெயர்களைக் கேளுங்கள்: புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். காட்டுக்குள் இத்தனை குளங்கள் எதற்கு?

வன்னியில் மழைக்குக் குறைவில்லை. இலண்டன் மாநகரில் ஓராண்டில் பெய்வதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இங்கே பெய்கிறது. ஆயினும் அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள சில வாரங்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். தேக்கிவைத்தால் வயல், விட்டுவிட்டால் காடு. இதனை அறிந்தே முன்னோர் ஓடைதோறும் அணை கட்டினர். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுகளை ஆண்ட வன்னியர், நெல்லாலும் யானையாலும் செழித்தனர். யாழ்ப்பாண மன்னர்க்கும், பின்னர் போர்த்துக்கேயர்க்கும் ஒல்லாந்தர்க்கும் அவர்கள் செலுத்திய திறை யானையே. அவ்யானைகள் கடல்நீரேரியில் இறங்கிக் கடந்த துறையே ஆனையிறவு என்பர்.

அத்திறையை மறுத்தபோதெல்லாம் படை வந்தது. 1803 ஆம் ஆண்டு ஆகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினான். அவ்வாண்டு அக்டோபர் 31 ஆம் நாள், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில், வொன் டிரிபேர்க் என்னும் தளபதி அவனைத் தோற்கடித்தான். வன்னிமை அத்துடன் ஒடுங்கியது. போர் ஒரு நாளில் முடிந்துவிடும். அதன்பின் வருவது மெல்ல வருவது. ஆளில்லாக் குளத்தின் அணை உடையும். நீர் வடிந்தபின் ஓடைக் குட்டைகளில் நுளம்பு பெருகும். நுளம்போடு காய்ச்சல் வரும். எஞ்சிய குடிகளும் ஊரை விடுவர். ஜே. பி. லூயிஸ் தம் வன்னி மாவட்டங்களின் கையேட்டை 1895 இல் வெளியிட்ட காலத்து வன்னி, இவ்வாறு காடேறிய வன்னியே. அதனை ஆதியிலிருந்தே மனிதர் வாழாத வனம் என்று கருதியவர், வயலின் மேல் முளைத்த காட்டைக் கண்டு ஏமாந்தவராவர்.

1905 இல் புகைவண்டி இக்காட்டை ஊடறுத்து யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்தது. அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலையும் நடந்தது. 1936 இல் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்பின் டீ.டீ.ரீ. மருந்து நுளம்பை ஒடுக்கவே, காய்ச்சலுக்கு அஞ்சியோர் வயலுக்கு வந்தனர். முறிகண்டிப் பிள்ளையார் முன் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துச் செல்லாத பயணி அரியர்.

ஆனால் இவ்வழி மீண்டும் பாலையாயிற்று. 1990 இல் மூடப்பட்ட வீதி 2002 இல் திறந்து, 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. 2009 ஆம் ஆண்டு சனவரியில், அதே பனிக்காலத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் உழவு இயந்திரங்களிலும் மிதிவண்டிகளிலும் கால்நடையாகவும் பெருந்திரளான மக்கள் கிழக்கு நோக்கிச் சென்றனர். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் ஊராகக் கைவிட்டுச் சென்ற அப்பயணம், மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் முடிந்தது. பிரிவைப் பாலையின் உரிப்பொருளாக வைத்த பழம்புலவர்கள் இத்தகைய பிரிவைப் பாடியதில்லை.

மீண்டு வந்தோரிற் சிலர் தம் வயலில் மரங்கள் நிற்கக் கண்டனர். அவ்வாறு காடேறிய நிலங்கள் சில வனநிலமாகக் குறிக்கப்பட்டமையால் எழுந்த முறைப்பாடுகள் வன்னியில் உண்டு. பாழ்பட்ட வயலும் ஆதிக் காடும் தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு ஒன்றுபோலவே தோன்றும்.

பரந்தனுக்கு வடகிழக்கே, கடலோரத்தில், சுண்டிக்குளம் இருக்கிறது. 1938 இல் பறவைகளின் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட நீரேரி அது. மாரியிற் பூநாரைகளும், வடபுலக் குளிருக்கு அஞ்சி வரும் ஊசிவால் வாத்துகளும் அதன் ஆழமற்ற உவர்நீரில் இரை தேடும். வாத்துகள் பின்பனி முடியும் தறுவாயில் வடதிசை நோக்கிப் புறப்பட்டுவிடும். அப்பொழுது கண்டி வீதியோரத்தில் பாலைப்பழம் வருவதற்கு இன்னும் இரண்டு மூன்று மாதங்கள் இருக்கும்.