கசப்பு உப்பின் கதை: எப்சம் கிணற்றிலிருந்து மெக்னீசியம் மாத்திரை வரை

படாளத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போனா, செய்யூரிலயும் கேளம்பாக்கத்திலயும் உப்பளங்களைப் பார்க்கலாம். உப்பு படிஞ்ச பிறகு பாத்தியில மிஞ்சுற தண்ணி கசக்கும். அதுக்கு முக்கியக் காரணம் மெக்னீசியம். ஒரு லிட்டர் கடல் நீரில் அது சுமார் 1.3 கிராம் இருக்கு. இன்னைக்குத் தூக்கம் வரணும், கால் பிடிப்பு போகணும்னு மருந்துக் கடையில வாங்குற மாத்திரையிலயும் இதே மெக்னீசியம்தான்.

இதோட மருத்துவக் கதை 1618 வாக்கில் இங்கிலாந்தின் எப்சம் ஊரில் தொடங்குது. மாடுகூடக் குடிக்க மறுத்த தண்ணின்னு சொல்லுவாங்க. குடிச்ச மனுஷங்களுக்கு வயிறு சுத்தமாச்சு. 1695இல் நெகேமியா க்ரூ அந்த உப்பைப் பற்றி நூலே எழுதினார். நம்ம ஊர்ல அதுக்குப் பேர் பேதி உப்பு. குடல் அதை முழுசா உறிஞ்சாது; மிஞ்சுறது தண்ணியை இழுத்துக்கும். மாத்திரை போட்டா சிலருக்கு வயிறு இளகுறதும் இதனாலதான்.

அடுத்த கட்டம்தான் முக்கியம். கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறி வர்ற வலிப்பு தாயையும் குழந்தையையும் கொல்லக்கூடியது. 1906இல் ஜெர்மனியில் இதே உப்பை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஆனாலும் எந்த மருந்து நல்லதுங்கிற சண்டை பல பத்தாண்டுகள் ஓடுச்சு. 1995இல் வெளியான ஆய்வு அதை முடிச்சு வெச்சது. இந்தியா உட்படப் பல நாடுகளில் 1,687 பெண்கள் அதில் இருந்தாங்க. மற்ற இரண்டு மருந்துகளோடு ஒப்பிட்டா, மெக்னீசியம் போட்டவங்களுக்கு மறுபடி வலிப்பு வர்றது பாதிக்கும் மேல் குறைஞ்சது. 2002இல் 33 நாடுகளில் நடந்த இன்னொரு ஆய்வு, வலிப்பு வராமலே தடுக்கவும் இது உதவும்னு காட்டியது.

இந்த ஊசி போடும் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த டோஸுக்கு முன்னாடி முழங்காலைத் தட்டிப் பார்ப்பாங்க, மூச்சை எண்ணுவாங்க, சிறுநீர் போகுதான்னு அளப்பாங்க. அளவு மீறினா முதல்ல முழங்கால் துடிப்பு போகும், அப்புறம் மூச்சு நிற்கும். மாற்று மருந்தா கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்கும். சிறுநீரை ஏன் அளக்கணும்? உடம்பில் சேர்ந்த மெக்னீசியத்தை வெளியேத்துறது சிறுநீரகம்.

மாத்திரை வாங்குற நமக்கும் பாடம் அதுதான். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க மருத்துவரைக் கேட்காம இதைத் தொடக்கூடாது. மெக்னீசியம் கலந்த அமிலக்கட்டு மருந்து, பேதி மருந்துக்கும் இது பொருந்தும். மற்ற பெரியவங்களுக்கு, மாத்திரை வழியா ஒரு நாளைக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம்னு அமெரிக்க வரையறை சொல்லுது, ஐரோப்பாவில் 250. ஆக்சைடு வகை குறைவாத்தான் உறிஞ்சப்படும், சிட்ரேட் பரவாயில்லை. தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடாதீங்க, நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க. சில ஆன்டிபயாடிக்குகளுக்கும் இடைவெளி வேணும், எவ்வளவுன்னு மருந்தாளுநரைக் கேளுங்க. வயசானவங்களோட கால் பிடிப்புக்கு இது பெரிசா உதவுறதா ஆய்வுகள் காட்டலை.

நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 140 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கு. கீரை, பயறு, வேர்க்கடலையிலயும் உண்டு. சிறுநீரகம் நல்லா இருக்கிறவங்க அளவை எண்ணாம சாப்பிடலாம். முதல்ல தட்டைப் பாருங்க, அப்புறம் மாத்திரை அட்டையைப் பார்க்கலாம். அடுத்த பகுதியில சந்திப்போம்.