பிப்ரவரி 22: கஸ்தூர்பா அம்மையாரை நினைத்துக்கொள்ளும் நாள்



இன்று கஸ்தூர்பா அம்மையார் மறைந்த நாள். பாடப்புத்தகத்தில் "காந்தியடிகளின் துணைவியார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியைத் தாண்டி வகுப்பில் நான் சொன்னது பழைய மாணவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மற்றவர்களுக்காக இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1869-ல் போர்பந்தரில் பிறந்தவர். காந்திக்குச் சில மாதம் மூத்தவர். சிறு வயதிலேயே கல்யாணம். நான்கு பிள்ளைகள்: ஹரிலால், மணிலால், ராமதாஸ், தேவதாஸ்.

'துணைவியார்' என்கிறோமே, அந்தப் பெயரையே ஒரு நீதிமன்றம் அவரிடமிருந்து பறித்தது. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் நீதிபதி செர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்பது அதன் சாரம். இந்து, முஸ்லிம், பார்சிப் பெண்கள் எல்லோரும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றாகிவிட்டார்கள். 30 வருஷம் குடும்பம் நடத்திய கஸ்தூர்பாவும் அப்படித்தான்.

சிறைக்குப் போக வருகிறீர்களா என்று காந்தி ஆசிரமத்தின் மற்றப் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தாராம். அது காதில் விழ, எனக்கு மட்டும் என்ன குறை, என்னை ஏன் கேட்கவில்லை என்று கஸ்தூர்பா சண்டைக்கே வந்துவிட்டார். இதைக் காந்தியே எழுதியிருக்கிறார். செப்டம்பரில் ஃபீனிக்ஸ் ஆசிரமத்திலிருந்து கிளம்பிய 16 பேரில் நான்கு பேர் பெண்கள். அவர்களில் ஒருவர் கஸ்தூர்பா. மூன்று மாதக் கடுங்காவல், பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில். எலும்பும் தோலுமாகத்தான் வெளியே வந்தார்.

அதே போராட்டத்தில், அதே சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பி உயிர்விட்டவள்தான் தில்லையாடி வள்ளியம்மை. வயது 16. அவள் இறந்தது 1914 பிப்ரவரி 22. சரியாக 30 வருஷம் கழித்து அதே தேதியில் கஸ்தூர்பா. இந்த ஒற்றுமையைக் கவனித்தவர்கள் குறைவு.

தாயாக அவர் பட்டது வேறு கதை. மூத்தவர் ஹரிலாலுக்கு லண்டன் போய்ப் படிக்க ஆசை. அந்த உதவித்தொகையைக் காந்தி வேறொருவருக்குக் கொடுத்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் பிளவு வந்தது, கடைசிவரை கூடவில்லை. ஹரிலால் குடிக்கு அடிமையானார். 1918 விஷக்காய்ச்சலில் அவர் மனைவி இறந்தபோது தாயில்லாமல் நின்ற நான்கு குழந்தைகளை மடியில் வாங்கிக்கொண்டது பாட்டிதான். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கிய வயது. நம் ஊரிலும் எத்தனை பாட்டிகள் இப்படிப் பேரன் பேத்திகளுக்காக இரண்டாம் தடவை தாயாகியிருக்கிறார்கள்!

ஒருமுறை கட்னி ரயில் நிலையத்தில் கந்தல் துணியோடு ஹரிலால் வந்தார். தாய்க்கு மட்டும் வாழ்க என்று கோஷம் போட்டு, சட்டைப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக் கொடுத்தார். எனக்கு இல்லையா என்று கேட்ட காந்தியிடம், இல்லை, நீங்கள் பெரிய மனிதரானதே அம்மாவால்தான் என்றார். ரயில் நகர்ந்த பிறகுதான் கஸ்தூர்பாவுக்கு உறைத்தது. பிள்ளை பசியோடு இருந்திருப்பானே, கூடையில் பழம் இருந்ததே, ஒன்றுகூடக் கொடுக்கவில்லையே என்று. அதற்குள் ரயில் நடைமேடையைத் தாண்டிவிட்டது.

நமக்கும் அவர் உறவுதான். கடைசி மகன் தேவதாஸ் 1933-ல் மணந்தது ராஜாஜியின் மகள் லட்சுமியை. ஆக, ராஜாஜி இவருக்குச் சம்பந்தி. பேரன் ராஜ்மோகன் காந்தி இரண்டு தாத்தாக்களின் வரலாற்றையும் எழுதினார்.

1942 ஆகஸ்ட் 9 அதிகாலையில் பம்பாயில் காந்தி கைதானார். அன்று மாலை சிவாஜி பூங்காக் கூட்டத்தில் நான் பேசுகிறேன் என்று கிளம்பிய கஸ்தூர்பாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு இருவரும் புனே ஆகாகான் மாளிகையில் காவலில் இருந்தார்கள்.

அங்கே 70 வயதைத் தாண்டிய மனைவிக்குக் காந்தி பாடம் நடத்தினார். குஜராத்தி, பூகோளம். கல்கத்தாவின் தலைநகரம் லாகூர் என்பாராம் அம்மையார்! கூட இருந்த டாக்டர் சுசீலா நய்யார் எழுதியது இது. எல்லோரையும் போல எழுத எனக்கும் ஒரு நோட்டு வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார். கையெழுத்து நன்றாக வரட்டும், அதுவரை தனித்தாளில் எழுது என்றார் காந்தி. அம்மையார் மனம் சுருங்கிப்போனது. பிறகு நோட்டு வந்தபோதும் அதில் எழுதவில்லை. காந்தி மேல் எனக்குள்ள மரியாதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது, கற்க வந்த கையை ஊக்கப்படுத்து என்பதுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையானாலும் பாட்டியானாலும் நோட்டை முதலில் கொடுத்துவிட வேண்டும்.

1944-ல் இதயமும் நுரையீரலும் தளர்ந்தன. தேவதாஸ் பென்சிலின் வரவழைத்தார். அப்போது அது கிடைப்பதே அரிது. சில மணிக்கொரு ஊசி என்று தெரிந்ததும் காந்தி வேண்டாம் என்றார். அது சரியா என்று இன்றும் வாதாடுகிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. ஹரிலாலும் பார்க்க வந்தார், குடித்துவிட்டு. அந்தக் கோலத்தைப் பார்த்து அம்மையார் தலையில் அடித்துக்கொண்டார். பிப்ரவரி 22 மாலை, கணவர் மடியில் உயிர் பிரிந்தது. காந்தி நூற்ற நூலில் நெய்த புடவையைத்தான் உடுத்தி அனுப்பினார்கள்.

அவர் பெயரில் 75 லட்சம் ரூபாய் திரட்ட நினைத்தார்கள். ஒரு கோடிக்கு மேல் சேர்ந்தது. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் செலவிட வேண்டும் என்றார் காந்தி. அந்தக் கஸ்தூர்பா அறக்கட்டளைக்குத் தமிழ்நாட்டில் பொறுப்பேற்றவர் டாக்டர் சௌந்தரம். 1947-ல் அவரும் கணவர் ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்குள்ள மருத்துவமனைக்குக் கஸ்தூர்பா பெயர்தான். நம் சொந்தத்தில் சிலர் பிறந்ததே அங்கேதான். யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.