இரங்கூன் மழையும் ராக்கெட் துருவும்

பர்மாவிலிருந்து நாம் விரட்டப்பட்ட கதையைப் பலமுறை எழுதிவிட்டேன். நுழைந்த கதையையும் சொல்ல வேண்டாமா?

1824 மே 11. ஆங்கிலேயர் இரங்கூனைப் பிடித்த நாள். வந்திறங்கியவர்களில் சென்னை இராணுவத்துச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நம்மவர்களும்தான். கூடவே டயானா என்ற நீராவிக் கப்பல். அதில் காங்கிரீவ் ராக்கெட்டுகள்.

இந்த ராக்கெட்டின் பூர்வீகம் நம் பக்கம்தான். 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஐதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயரை நொறுக்கியபோது பறந்தது மைசூர் ராக்கெட். இரும்புக் குழல்தான் அதன் பலம். 1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்தது. ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் புதிதாகச் செய்தார்.

ஆனால் இரும்புக்கு இரங்கூன் மழை எமன். மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. கருமருந்து எரிந்து மிஞ்சும் உப்புக்கரி ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். ஏவுகுழலைத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும். மருந்தில் ஈரம் ஏறாமல் காக்க வேண்டும். இன்று பிள்ளைகள் விடும் மாதிரி ராக்கெட்டின் ஏவுகம்பிக்கும் இதே வைத்தியம்தான்: ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி, ஒரு சொட்டு எண்ணெய்.

1826 பிப்ரவரியில் யாண்டபோ ஒப்பந்தத்தோடு போர் முடிந்தது. காங்கிரீவ் பெயர் ராக்கெட்டோடு நிலைத்துவிட்டது. மழையில் நின்று இரும்பு துடைத்த சிப்பாய்க்கும் கூலிக்கும் பெயர் இல்லை.

பர்மாத் தமிழர் கதையைச் செட்டியார் கடையிலிருந்து தொடங்குகிறோம். அடுத்தவன் நாட்டைப் பிடிக்கச் சம்பளத்துக்குப் போன கதையும் நம்முடையதுதான். கசந்தாலும் சேர்த்தே சொல்லுவோம்.