பள்ளி வாசலில் 50 மீட்டருக்குள் எதை விற்கக் கூடாது? முறுக்கு, அதிரசத்துக்கும் இந்த விதி பொருந்துமா?

மணி அடிச்சதும் பிள்ளைகள் ஓடுறது பள்ளி வாசல் கடைக்குத்தான். 5 ரூபாய் சிப்ஸ், 10 ரூபாய் ஜூஸ்... அந்தக் கடையில் எதை விற்கக் கூடாதுன்னு நாடு முழுக்க ஒரு விதி இருக்கு, தெரியுமா?

விதி என்ன சொல்கிறது?

இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட விதிமுறை, 2021 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் ஆகியவை அதிகமுள்ள உணவுகளைப் பள்ளி கேன்டீன், விடுதி சமையலறை, பள்ளி கேட்டிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் மாணவர்களுக்கு விற்கக் கூடாது. அங்கே விளம்பரம் செய்யவும் தடை. கேன்டீன் நடத்துபவர் உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ வைத்திருக்க வேண்டும்.

சர்க்கரை எவ்வளவு?

200 மில்லி கோலாவில் சுமார் 21 கிராம் சர்க்கரை, அதாவது 5 டீஸ்பூன். இதனால்தான் 2025 மே மாதம், பள்ளிகளில் 'சர்க்கரை பலகை' வைக்கச் சொன்னது சிபிஎஸ்இ.

நம்ம செட்டிநாட்டுப் பலகாரம்?

பாக்கெட்டில் வந்ததா, வீட்டில் சுட்டதா என்று விதி பார்ப்பதில்லை. உள்ளே என்ன இருக்கு என்பதுதான் கேள்வி. காரைக்குடியின் தேன்குழல், மணகோலம், சீப்பு சீடை எல்லாமே எண்ணெயில் பொரித்தவை. அதிரசம், கந்தரப்பத்தில் வெல்லமும் சேரும். வெல்லமும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும். விசேஷ நாள் பலகாரத்தைத் தினமும் இன்டர்வெலில் சாப்பிட்டால் சிக்கல்தான்.

எண்ணெயும் முக்கியம். பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் இன்னும் மோசம்.

மாற்று என்ன?

சுண்டல், அவித்த வேர்க்கடலை, எண்ணெய் குறைவாகச் சுடும் குழிப்பணியாரம். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கு.

அப்போ கடைக்காரர்கள் ஏன் விற்பதில்லை? சிப்ஸ் பாக்கெட் மாதக்கணக்கில் கெடாது. சுண்டல் சாயங்காலத்துக்குள் விற்றாகணும், மிஞ்சினால் நஷ்டம். அதனால் வெறும் தடை மட்டும் போதாது. வறுகடலை, பொரிகடலை மாதிரி நாள்பட இருக்கிறவற்றை எப்போதும் வைத்து, சுண்டலை மட்டும் பள்ளி சொல்லும் எண்ணிக்கைக்குச் செய்து கொடுத்தால் கடைக்கும் கட்டுப்படியாகும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

• பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேன்டீன் பட்டியலைக் கேளுங்க.

• பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை, சோடியம்னு பாருங்க. சோடியம் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும்.

• பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் மிட்டாயைத் தவிருங்க. ரோடமைன்-பி என்ற சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது.

• விதிமீறல் தெரிந்தால் மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகத்திலோ 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலோ புகார் கொடுக்கலாம்.