கேட்காத நான்காம் கம்பி: நம் மேடைகளின் பழைய பேஸ் பெட்டிகள்

'செனாய்' என்று ஊர்ப் பெயரைச் சொன்னதும் தமிழ்நாட்டு உறவினர்கள் பலரும், "அது வாத்தியத்தின் பெயராயிற்றே!" என்று சிரிப்பார்கள். கூலாய்க்கும் ஸ்கூடாய்க்கும் இடையே பழைய நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் ஓர் ஊர் என்று விளக்கிச் சொல்லவேண்டி வரும். 1974இல் விமான நிலையம் திறந்தபிறகுதான் இந்த விளக்கம் கொஞ்சம் எளிதாயிற்று. அவர்கள் நினைப்பது உஸ்தாத் பிஸ்மில்லா கான் வாசித்த ஷெனாய். அந்த வாத்தியத்துக்கு ஒரு வசதி உண்டு. மின்சாரம் வேண்டாம், பெட்டி வேண்டாம், ஊதினால் வாசல்வரை கேட்கும்.

இந்தக் கட்டுரை அதற்கு நேர்மாறான ஒரு வாத்தியத்தைப் பற்றியது. பேஸ் கித்தார், பெட்டி இல்லாமல் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. நம் சங்கம் தொடங்கிய காலத்திலும் அதற்கு முந்திய பத்து ஆண்டுகளிலும் ஜொகூர் மேடைகளில் பேஸ் வாசித்தவர்களுக்குப் பெட்டி கிடைத்தது. ஆனால் அதில் பேஸ் கேட்கவில்லை. பொன்விழா மலரில் தலைவர்கள், செயலாளர்கள், கொடையாளர்கள் பெயரெல்லாம் வரிசையாக வருவது முறை. மேடையின் பின்வரிசையில் நின்றவர்களைப் பற்றியும் நாலு பக்கம் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நானும் சில ஆண்டுகள் அந்த வரிசையில் நின்றவன்.

கித்தார்க் குழுக்கள் வந்த காலம்

1961 நவம்பரில் கிளிப் ரிச்சர்டும் 'தி ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூர் ஹேப்பி வேர்ல்டு அரங்கில் வாசித்தார்கள். லீட் கித்தார், ரிதம் கித்தார், பேஸ், டிரம்ஸ் என்று நான்கே பேர். பெரிய இசைக்குழு இல்லாமல் நாலு இளைஞர்கள் ஒரு மண்டபத்தையே ஆட்டிவிட முடியும் என்பதை நம் பக்கத்துப் பையன்கள் அப்போதுதான் பார்த்தார்கள். பாலத்தின் இருபுறமும் குழுக்கள் முளைத்தன. குவீன்ஸ்டவுன் பள்ளி மாணவர்கள் தொடங்கிய 'தி குவெஸ்ட்ஸ்' குழுவின் 'ஷாண்டி' என்னும் இசைத்தட்டு 1964இல் சிங்கப்பூர்த் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அக்குழுவில் லீட் கித்தார் வாசித்துப் பெயர் பெற்றவர் ரெஜி வர்கீஸ்.

அதே ஆண்டில் எம். ஒஸ்மான் பாடிய 'சுசானா' வந்தது. பீட்டில்ஸ் பாட்டுகளில் வரும் 'யே யே' என்ற கூவலை வைத்து, இந்தப் புதிய மலாய்ப் பாட்டுக்கு 'பாப் யே யே' என்று பெயர் வந்தது. இப்படி வாசித்த குழுக்களை மலாயில் 'குகிரான்' என்றார்கள். 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்பதன் சுருக்கம் அது. திருமண வீடு, பள்ளி விழா, தோட்டத்து ஆண்டு விழா என்று எல்லா இடத்திலும் குகிரான் வாசித்தது. மலாய்ப் பையன்களோடு சீனர்களும் தமிழர்களும் நம் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளும் கலந்து நின்றார்கள். மாலையில் மலாய்ப் பாட்டு, இரவு பத்து மணிக்குமேல் தமிழ் சினிமாப் பாட்டு என்பது பல மேடைகளில் வழக்கமாயிற்று.

நம் வீடுகளில் இதற்கு எல்லாருடைய சம்மதமும் இருந்ததில்லை. மௌலித், மீலாது மஜ்லிஸ்களில் கருவி கூடாது என்பவர்கள் இருந்தார்கள். தப்ஸ் மட்டும் கூடும் என்பவர்களும் இருந்தார்கள். மார்க்க நிகழ்ச்சி வேறு, கல்யாண வீட்டுக் கச்சேரி வேறு என்று பிரித்துக்கொண்டுதான் பல குடும்பங்கள் சமாளித்தன. பேஸ் கித்தார்மேல் மட்டும் யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. அது காதிலேயே விழாததுதான் காரணம் என்று அப்போதே கேலி செய்வார்கள்.

பெட்டிக்குள் என்ன நடந்தது

மின்சார பேஸ் கித்தாரை அமெரிக்காவில் லியோ பெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆளுயர டபுள் பேஸைச் சுமக்க முடியாத வாத்தியக்காரர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் கருவி சிறிதானாலும் ஒலியின் இயல்பு மாறுமா? பேஸின் நான்காவது கம்பி, அதாவது மிகத் தடித்த கம்பி, விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அந்த ஒலி காற்றில் போகும்போது ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 27 அடி. செனாயில் ஒரு கடைவீட்டின் முகப்பைவிட அகலம்! அத்தனை பெரிய அலையை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ளவேண்டும். அதற்குப் பெரிய ஸ்பீக்கர், கனமான மரப்பெட்டி, நிறைய வாட்ஸ் சக்தி எல்லாம் தேவை.

நம் மேடைகளில் இருந்தது என்ன? கித்தாருக்கென்று செய்த சிறிய வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்று. அதில் இரண்டு செருகுதுளைகள். ஒன்றில் லீட் கித்தார், மற்றதில் பேஸ். சில இடங்களில் பாடகரின் மைக்கும் அதிலேயே. பேஸை ஓங்கி மீட்டினால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நடுங்கி எல்லாருடைய ஒலியையும் கலக்கிவிடும். அதனால் 'பேஸைக் குறை' என்பதுதான் ஒத்திகையில் அதிகம் கேட்கும் சொல். ஆம்ப்ளிபையரே இல்லாத வீட்டுத் திண்ணை ஒத்திகைகளில், வால்வு ரேடியோவின் பின்புறம் கிராமபோனுக்காக இருக்கும் துளையில் கித்தார்க் கம்பியைச் செருகுவது உண்டு. அத்தா வேலைவிட்டு வருவதற்குள் கழற்றிவிட வேண்டும். செய்தி நேரத்தில் ரேடியோ கரகரத்தால் அன்றைக்கு ஒத்திகை முடிந்தது!

நம் நாட்டு ஈரக்காற்று வேறு. மழைக்காலத்தில் காகிதக் கூம்பு ஈரம் ஏறித் தளரும், ஓரம் கிழியும். மெல்லிய தாளும் பசையும் கொண்டு ஒட்டி வாசித்தார்கள். ஒட்டிய இடம் ஒவ்வொரு சுரத்துக்கும் 'பர்ர்' என்று உடன்பாடும்.

அதோடு ஒரு தீராத ரீங்காரம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆம்ப்ளிபையரின் மின்வழங்கி பழுதானால் அதன் இரட்டிப்பான 100 என்ற அளவில் முனகும். பேஸின் முதல் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 98. இரண்டும் மோதும்போது விநாடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். சுருதி சரியாக இருந்தும், சேரவில்லை என்று பாடகர் திரும்பிப் பார்ப்பார். குற்றம் கையில் இல்லை, பெட்டியில்தான் என்று யாருக்கு விளக்குவது?

கூம்பு ஒலிபெருக்கியின் நீதி

பெரிய கூட்டங்களுக்கு வந்தது கூம்பு ஒலிபெருக்கி. தமிழ்நாட்டில் சிகாகோ ரேடியோ, அகுஜா என்ற பெயர்கள் எப்படியோ, அப்படி நம் நாட்டில் டோவா. ஜப்பானின் கோபே நகரில் 1934இல் தொடங்கிய நிறுவனம் அது. நம் பள்ளிவாசல் மினாராக்களிலும் சூராவ் கூரைகளிலும் அதன் கூம்புகளை இன்றும் பார்க்கலாம்.

கூம்பு, பேச்சுக்காகப் பிறந்தது. ஒன்றரை அடி வாயுள்ள கூம்பு, சுமார் 300 அதிர்வுக்குக் கீழே உள்ள ஒலியை வெளியே விடுவது மிகக் குறைவு. மனிதக் குரலின் சொற்கள் தெளிவாகும் பகுதி அதற்கு மேலே இருப்பதால் பாங்கும் பயானும் கணீரென்று கேட்கும். இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபா அவர்கள் (1925–2015) மலேசிய, சிங்கப்பூர் மேடைகளிலும் பாடியவர். அவருடைய உயர்ந்த, உரத்த குரல் கூம்புக்கென்றே அமைந்ததுபோல் தோட்டத்தின் கடைசி லயம்வரை போய்ச் சேரும். அதே கூம்பில் பேஸ் கித்தாரை விட்டால் 41 அதிர்வு, 55, 73, 98 என்ற நான்கு கம்பிகளின் அடிநாதமும் உள்ளேயே தங்கிவிடும்.

அப்படியானால் கேட்டவர்களுக்கு பேஸே இல்லையா? இருந்தது. ஒரு கம்பி 41 முறை அதிரும்போது 82, 123, 164 என்று மேல்நாதங்களும் கூடவே பிறக்கும். மேலே உள்ளவை ஓரளவு வந்து சேர்ந்தாலே, நம் காதும் மூளையும் அடிநாதத்தைத் தாமே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்பதும் இதனால்தான். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்காமலே நம் வாத்தியக்காரர்கள் கண்டுகொண்டார்கள். நான்காம் கம்பியை விட்டு மேல் கம்பிகளில் வாசிப்பது, விரல் நுனிக்குப் பதில் கட்டையால் மீட்டுவது, நீண்ட சுரத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது, டிரம்ஸின் காலடியோடு சரியாகச் சேர்ந்து விழுவது என்று வழிகள் பழகின. தங்கள் ஒலி தங்களுக்கே கேட்காதபோது, பெட்டியின்மேல் முழங்காலைச் சாய்த்தும், மேடைப் பலகையின் அதிர்வைக் காலால் உணர்ந்தும் வாசித்தார்கள்.

உலகம் முழுக்க இதே பாடு

இது நம் ஏழ்மையால் மட்டும் வந்த சங்கடம் என்று நினைத்துவிட வேண்டாம். லிவர்பூலில் பால் மெக்கார்ட்னிக்கு ஏட்ரியன் பார்பர் என்னும் இசைக்கலைஞர் ஒரு பெரிய பேஸ் பெட்டி செய்து கொடுத்தார். அதன் உருவத்தைப் பார்த்து 'சவப்பெட்டி' என்றே அதற்குப் பெயரிட்டார்கள். 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000க்கும் மேற்பட்டோர் முன் பீட்டில்ஸ் பாடியபோது, அவர்களிடம் இருந்தவை 100 வாட்ஸ் பெட்டிகள். குரல்கள் போனது மைதானத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கிகளில். கூச்சலில் தங்கள் வாசிப்பே அவர்களுக்குக் கேட்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. லியோ பெண்டர் 1952இல் பேஸுக்கென்றே 'பேஸ்மேன்' என்ற ஆம்ப்ளிபையரைக் கொண்டுவந்தார். ஓங்கி வாசித்தால் அதன் ஒலி உடைந்தது. அந்த உடைந்த ஒலி கித்தார்க்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. 1962இல் லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், இறக்குமதி விலை கட்டாததால் அதைப் பார்த்து உள்ளூர்ப் பாகங்களில் ஒன்று செய்யவைத்தார். ராக் இசையின் உரத்த கித்தார் ஒலி அங்கிருந்து வளர்ந்தது. பேஸுக்குச் சரிப்படாத பெட்டி கித்தாருக்குப் புகழ் தேடித் தந்த கதை இது. அப்போதும் பேஸ்காரர் பின்வரிசையில்தான்!

ஓர் இரவு

1976இல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்ப் பாட்டில் பேஸ் கித்தார் தனி நடையோடு பேசத் தொடங்கியது. கேசட்டில் அதைக் கேட்ட ரசிகர்கள் மேடையிலும் எதிர்பார்த்தார்கள். பெட்டிகளோ பழையவைதான்.

1980களின் தொடக்கத்தில், ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் கல்யாண இரவு. இரண்டாவது பாட்டின் நடுவில் என் பெட்டியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது, பிறகு ஒலி நின்றது. இறங்கினால் மரியாதை இல்லை என்று வெறும் கம்பிகளை மீட்டிக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. மனசு சுருங்கிப் போயிற்று. இத்தனை நாள் நாம் வாசித்ததும் யாருக்கும் கேட்டிருக்காதோ என்று நினைத்தேன்.

அரை மணி நேரத்தில் வேறொன்று நடந்தது. டிரம்ஸ் வேகமெடுத்தது, பாடகர் மூச்சு வாங்கினார். முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போனார்கள். என்ன குறைந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஏதோ குறைந்தது என்று மட்டும் தெரிந்தது. பெட்டியைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும்போது என் மனசு ஓரளவு ஆறியிருந்தது.

நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் அந்த இரவு நினைவுக்கு வருகிறது. மேடையில் பேசியவர்களின் பெயர் நமக்குத் தெரியும். நாற்காலி அடுக்கியவர்கள், கெந்தூரிக்கு விறகு பிளந்தவர்கள், மைக் கம்பி இழுத்தவர்கள், ஒட்டுப்போட்ட பெட்டியில் விடியும்வரை வாசித்தவர்கள், இவர்களெல்லாம் கேட்காத கம்பிகள். அவர்கள் இல்லாதிருந்தால் கூட்டம் எழுந்து போயிருக்கும்.

அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன. வாத்தியக்காரர்களில் பலர் மறைந்துவிட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு மறுமையில் நற்பேறு தருவானாக. எஞ்சியிருப்பவை நம் வீட்டு ஆல்பங்களில் உள்ள கல்யாணப் படங்கள்தான். மணமக்களுக்குப் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், பாதி முகம் மறைந்து ஓர் இளைஞர் நான்கு கம்பிக் கித்தாரோடு நிற்பார். இந்தப் பெருநாள் விடுமுறையில் அந்தப் படத்தை எடுத்து, வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, பின்புறம் அவருடைய பெயரை எழுதி வையுங்கள். கேட்டுச் சொல்ல இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள்.