சென்னை ஐ.ஐ.டி.: வரலாறும் நம் பிள்ளைகளுக்கான வாசல்களும்

1959ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைத் தொடங்கி வைத்தவர் பேராசிரியர் ஹுமாயூன் கபீர். அப்போது அவர் மத்திய அறிவியல் ஆராய்ச்சி மற்றும் கலாச்சாரத் துறை அமைச்சர். வங்காளத்தில் ஃபரீத்பூர் பகுதியில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்; கவிஞர், தத்துவ அறிஞர். மவ்லானா அபுல் கலாம் ஆசாத் உர்தூவில் சொல்லச் சொல்ல, அவருடைய 'இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்' நூலை ஆங்கிலத்தில் எழுதியவரும் இவர்தான்.

சர்தார் படேல் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் அந்த நீண்ட மதில் சுவரைப் பார்த்திருப்பார்கள். உள்ளே மரங்களும் மான்களும் இருப்பது தெரியும். ஆனால் அங்கே யார் படிக்கலாம், எப்படிச் சேருவது, எவ்வளவு செலவாகும் என்பது நம் குடும்பங்களில் பலருக்கு இன்றும் தெளிவாகத் தெரியவில்லை. "அதெல்லாம் நமக்கு எட்டாது" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனவே அந்த நிறுவனத்தின் வரலாற்றையும், இன்று அதற்குள் நுழைய இருக்கும் வழிகளையும் சேர்த்தே இங்கு தருகிறோம்.

சிறை முகாமில் பிறந்த முதல் ஐ.ஐ.டி.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், நாட்டின் வருங்காலத் தொழில் வளர்ச்சிக்குப் பொறியாளர்களை எங்கே உருவாக்குவது என்ற கேள்வி எழுந்தது. நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையில் 22 பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைப் போன்ற உயர்கல்வி நிறுவனங்களைக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு திசைகளிலும் அமைக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

முதலாவது கிழக்கே அமைந்தது. மேற்கு வங்காளத்தின் கரக்பூர் அருகே ஹிஜ்லியில் ஆங்கிலேயர்கள் அரசியல் கைதிகளை அடைத்து வைத்த முகாம் ஒன்று இருந்தது. 1931ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கே நிராயுதபாணிகளான கைதிகள் மீது காவலர்கள் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா ஆகிய இருவர் உயிரிழந்தனர். அந்த முகாம் கட்டடத்தில்தான் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. வகுப்புகள் நடந்தன. 1951ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி அதை முறைப்படி திறந்து வைத்தவர் மவ்லானா ஆசாத்.

1947 முதல் 1958 பிப்ரவரியில் வஃபாத் ஆகும் வரை சுதந்திர இந்தியாவின் கல்வி அமைச்சராக இருந்தவர் ஆசாத். பள்ளிக்கூடத்துக்கோ கல்லூரிக்கோ போய்ப் படித்தவர் அல்லர். வீட்டிலேயே தந்தையாரிடமும் ஆசிரியர்களிடமும் அரபி, ஃபார்ஸி, மார்க்கக் கல்வி, தத்துவம், கணிதம் ஆகியவற்றைக் கற்றார். அப்படிப்பட்ட ஒரு ஆலிம், நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பக் கல்லூரியைத் திறந்து வைத்தார். மார்க்கக் கல்விக்கும் உலகக் கல்விக்கும் நடுவே நாம் இன்று எழுப்பி வைத்திருக்கும் சுவர் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் பிறந்த நவம்பர் 11ஆம் தேதி 2008 முதல் தேசியக் கல்வி நாளாக அனுசரிக்கப்படுகிறது.

தெற்கே வந்த ஜெர்மானியர்கள்

அது பனிப்போர்க் காலம். இந்தியாவைத் தம் பக்கம் வைத்துக்கொள்ள வல்லரசுகள் போட்டியிட்டன. அந்தப் போட்டியில் நமக்குக் கல்வி நிறுவனங்கள் கிடைத்தன. பம்பாய் ஐ.ஐ.டி.க்கு சோவியத் ஒன்றியமும், கான்பூருக்கு அமெரிக்காவும், டெல்லிக்கு பிரிட்டனும் உதவின. சென்னைக்கு உதவியது மேற்கு ஜெர்மனி. 1956ஆம் ஆண்டு பிரதமர் நேரு அங்கே சென்றபோது, இந்தியாவில் ஓர் உயர் தொழில்நுட்ப நிறுவனம் அமைக்க உதவுவதாக அந்நாடு முன்வந்தது. 1959ஆம் ஆண்டு பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்றும் வளாகத்துக்குள் 'பான் அவென்யூ' என்று ஒரு சாலை உண்டு.

தமிழ்நாட்டில் அப்போது காமராஜர் முதல்வர், சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சர். கிண்டியில் ஆளுநர் மாளிகையை ஒட்டிய காட்டுப் பகுதியில் சுமார் 600 ஏக்கர் நிலத்தை மாநில அரசு அளித்தது. புள்ளிமான்களும் வெளிமான்களும் திரிந்த காடு அது. கட்டடங்கள் எழும்பிய பிறகும் மான்கள் போகவில்லை. விடுதிகளுக்குக் காவேரி, கிருஷ்ணா, நர்மதா, தாமிரபரணி என்று நதிகளின் பெயர்களைச் சூட்டினார்கள்.

முதல் ஆண்டு சேர்ந்தவர்கள் 120 பேர். சொந்தக் கட்டடங்கள் தயாராகாததால் தொடக்கத்தில் வேறு இடங்களில் வகுப்புகள் நடந்தன. முதல் இயக்குநர் பி. சென்குப்தா. ஆட்சிக் குழுவின் முதல் தலைவர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். ஜெர்மனியிலிருந்து பேராசிரியர்களும் பட்டறைப் பயிற்சியாளர்களும் வந்தார்கள். ஆய்வுக்கூடக் கருவிகளும் நூல்களும் கப்பலில் வந்திறங்கின. இங்கிருந்த இளம் ஆசிரியர்கள் பயிற்சிக்காக ஜெர்மனி அனுப்பப்பட்டார்கள். அரத்தைப் பிடித்து இரும்பைத் தேய்க்கத் தெரியாதவன் பொறியாளன் ஆக முடியாது என்பது ஜெர்மானியக் கல்வி முறை. எனவே மாணவர்கள் பட்டறையில் கையழுக்குப் படிய வேலை செய்தார்கள். 1961ஆம் ஆண்டு தொழில்நுட்பக் கழகங்கள் சட்டத்தின் மூலம் இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. 1964ஆம் ஆண்டு ஜூலையில் நடந்த முதல் பட்டமளிப்பு விழாவில் குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் உரையாற்றினார்.

அடுத்த முப்பது ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. துறைகள் பெருகின, நற்பெயர் வளர்ந்தது, பட்டம் பெற்றவர்களில் பலர் அமெரிக்காவுக்குப் போனார்கள். மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு வெளிநாட்டுக்குப் போகிறார்கள் என்ற விமர்சனம் அந்தக் காலத்தில்தான் எழுந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

2000க்குப் பிறகுதான் நிறுவனத்தின் முகம் மாறத் தொடங்கியது. 2003ஆம் ஆண்டு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் கீழ், பேராசிரியர்களின் பாடங்கள் காணொளிகளாக இணையத்தில் இலவசமாக வெளியாயின. 2010ஆம் ஆண்டு ஆய்வுப் பூங்கா திறக்கப்பட்டது. மாணவர்களும் பேராசிரியர்களும் தங்கள் கண்டுபிடிப்புகளைத் தொழிலாக மாற்ற அங்கே இடம் கிடைத்தது. மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் இங்கே படித்தவர்கள். இங்கே வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் உருவாக்கிய எஞ்சினுடன் 2024 மே 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் செலுத்தியது. மத்திய அரசின் தேசியத் தரவரிசையில் 2019 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் ஒட்டுமொத்தப் பிரிவில் முதலிடம் இந்த நிறுவனத்துக்கே.

2023ஆம் ஆண்டு நடந்தது நம் வாசகர்களுக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி தரக்கூடியது. எந்த ஐ.ஐ.டி.யும் அதுவரை வெளிநாட்டில் வளாகம் அமைத்ததில்லை. சென்னை ஐ.ஐ.டி. முதல் வளாகத்தை அமைத்த இடம், மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினர் முஸ்லிம்களாக வாழும் ஸான்ஸிபார் தீவு. அதற்குத் தலைமை ஏற்றவர் பேராசிரியர் ப்ரீத்தி அகாலயம். ஒரு ஐ.ஐ.டி. வளாகத்துக்குப் பெண் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை.

இன்று எப்படிச் சேருவது?

பி.டெக். படிப்புக்கு வழி ஜே.இ.இ. தேர்வு. முதலில் ஜே.இ.இ. மெயின், அதில் முன்னணியில் வரும் சுமார் 2.5 லட்சம் பேர் மட்டுமே ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதலாம். மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உண்டு. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் 11ஆம் வகுப்பிலேயே கணித, அறிவியல் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக்கொள்வது நல்லது. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த 2 ஆண்டுகளில் 2 முறை மட்டுமே எழுத முடியும்.

கட்டணத்தைக் கேட்டதும் பயந்துவிட வேண்டாம். பி.டெக். ஆண்டுக் கல்விக் கட்டணம் 2 லட்சம் ரூபாய். ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி; 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. வட்டிக் கடன் வாங்க மனமில்லாமல் பிள்ளையின் படிப்பையே கைவிடும் பெற்றோர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்தத் தள்ளுபடியைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மேலும், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி.யில் சேரும் மாணவர்களின் இளநிலைப் படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவித்தது.

பொறியியல் பட்டம் முடித்தவர்களுக்குக் கேட் தேர்வு மூலம் எம்.டெக். வாசல் திறந்திருக்கிறது. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும். ஊர்ப்புறக் கல்லூரியில் பி.இ. முடித்தவரும் இதை எழுதலாம். நம் பிள்ளைகள் இந்த வழியை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் கருத்து.

மூன்றாவது வழி 2020ஆம் ஆண்டு வந்தது: வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் பட்டம். 2023இல் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பட்டமும் சேர்ந்தது. இவற்றுக்கு ஜே.இ.இ. தேவையில்லை. 10ஆம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்; 12ஆம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பது தடையில்லை. 4 வாரப் பாடங்களைப் படித்து, தகுதித் தேர்வில் தேறியவர்கள் அனைவருக்கும் இடம் உண்டு. பாடம் வீட்டில், தேர்வு மட்டும் மையத்தில் நேரில். இடையில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். வேலையில் இருப்பவர்களுக்கும், விடுதியில் தங்கிப் படிக்க இயலாத பெண் பிள்ளைகளுக்கும், திருமணத்துக்குப் பிறகு படிப்பைத் தொடர விரும்பும் சகோதரிகளுக்கும் இது உகந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இது பி.டெக். அல்ல, இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாடம் எளிதும் அல்ல.

பெற்றோர்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2019 நவம்பரில் கேரளத்தைச் சேர்ந்த முஸ்லிம் மாணவி ஒருவர் இந்த வளாகத்து விடுதியில் இறந்தது நம் சமுதாயத்தை உலுக்கியது. மதப் பாகுபாடு காட்டப்பட்டதாக அவருடைய குடும்பத்தார் புகார் செய்தார்கள். விசாரணை பின்னர் சி.பி.ஐ. வசம் சென்றது. பிள்ளையைச் சேர்த்துவிட்டதோடு கடமை முடிந்ததாக நினைக்காமல், முதல் ஆண்டில் அடிக்கடி பேசுங்கள், நேரில் போய்ப் பாருங்கள். மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மனம் சோர்ந்திருப்பது தெரிந்தால் ஊருக்கு வரச் சொல்லுங்கள். ஒரு செமஸ்டர் போனால் போகட்டும்.

சான்றிதழில் கவனம்

விவரம் அறிந்த குடும்பங்களும் தடுமாறும் இடம் இது. தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு உள்ள 3.5 சதவீத உள்ஒதுக்கீடு மாநில அரசின் இடஒதுக்கீட்டில் மட்டுமே; ஐ.ஐ.டி.யில் அது செல்லாது. அங்கே 2008 முதல் நடைமுறைக்கு வந்த, இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு மாநில அரசின் சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவைச் சேராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தேவை.

ராவுத்தர், மரைக்காயர் உட்பட்ட லெப்பைகள் தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். பேசும் மொழி தமிழானாலும் உர்தூவானாலும் சரி. மற்றப் பிரிவினர் தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் தங்கள் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குக் கீழ் இருந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம்.

ஓ.பி.சி. பிரிவின் வருமான வரம்பும் 8 லட்சம்தான். ஆனால் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமல் தகுதி இல்லை என்று எண்ணி, பொதுப் பிரிவில் விண்ணப்பிப்பவர்கள் உண்டு. பெற்றோர் உயர் பதவியில் உள்ள அரசு அதிகாரியாக இருந்தால் விதி வேறு.

அட்வான்ஸ்டு எழுதும் ஆண்டின் ஏப்ரல் 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பெற்ற சான்றிதழே ஏற்கப்படும். பழைய சான்றிதழ் செல்லாது. எனவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். தாசில்தார் அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வந்ததும் பெயர், தந்தை பெயர், பிரிவின் பெயர் ஆகியவை 10ஆம் வகுப்புச் சான்றிதழிலும் மத்தியப் பட்டியலிலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் கவுன்சிலிங் தொடங்கும் முன்பே திருத்தி வாங்கிவிட வேண்டும்.