தரீஃபா: கடல்வழி அடைபட்ட நாள்

அந்தலூசியாவின் வீழ்ச்சி என்றதும் 1492ஆம் ஆண்டையே நாம் நினைவுகூர்கிறோம். ஆயினும் கிரனடா தனித்து விடப்பட்டது அதற்கு 152 ஆண்டுகளுக்கு முன்னரேயாகும்.

1340 ஏப்ரலில் மொராக்கோவின் மரீனிய சுல்தான் அபுல் ஹஸனின் கடற்படை, ஜிப்ரால்டர் அருகே காஸ்டிலியக் கப்பற்படையை முறியடித்தது. ஜலசந்தியைக் கடந்த சுல்தான், கிரனடாவின் முதலாம் யூசுபுடன் இணைந்து தரீஃபாவை முற்றுகையிட்டார். காஸ்டிலிய மன்னர் பதினோராம் அல்ஃபோன்ஸோவும் போர்த்துக்கல் மன்னர் நான்காம் அஃபோன்ஸோவும் கைகோத்து வந்தனர். அக்டோபர் 30ஆம் நாள் (ஹிஜ்ரி 741) சலாடோ ஆற்றங்கரையில் போர் மூண்டது. முந்தைய இரவே கோட்டைக்குள் புகுந்திருந்த காஸ்டிலியப் பிரிவொன்று பின்புறமாகப் பாய்ந்து பாசறையைச் சூறையாடியது. சுல்தானின் துணைவியார் ஃபாத்திமாவும் கொல்லப்பட்டார்.

அதன்பின் மரீனியரின் பெரும்படை எதுவும் ஸ்பெயின் மீது பாயவில்லை. 1344இல் அல்ஜசீராஸ் வீழ்ந்தது. 1350இல் ஜிப்ரால்டரை முற்றுகையிட்டிருந்த அல்ஃபோன்ஸோ கொள்ளைநோயால் மாண்டதால் அந்நகர் தப்பியது.

தரீஃபாக் களத்தில் தந்தையையும் தமையனையும் ஒருசேர இழந்த இளைஞர் லிஸானுத்தீன் இப்னுல் கதீப், பின்னாளில் கிரனடாவின் அமைச்சராகி அந்நகரின் வரலாற்றையே எழுதினார். தோற்றுத் திரும்பிய யூசுபோ 1348இல் அல்ஹம்ராவின் நீதி வாயிலையும் 1349இல் கிரனடா மத்ரஸாவையும் எழுப்பினார்.

கடல் கடந்து பெரும்படை வரும் என்ற நம்பிக்கை அற்றுப்போன பின்னரும் கிரனடா ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்தது. உடன்படிக்கையும் திறையும், காஸ்டிலியரின் உட்பூசலும் அதற்குக் காலம் ஈட்டித் தந்தன; அக்காலத்தைக் கல்வியாலும் கலையாலும் நிறைத்தவர்கள் கிரனடா மக்களே. வீழ்ச்சிக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், அந்த நீண்ட வாழ்வையும் கற்றாக வேண்டும்.